அன்று காலையில் பிழிந்த ரசம்

போன வருடம் லெந்து எனும் தவக்காலத்தில், கூடலூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஆலயத்தில் நடந்தது இது.

எங்களுக்குக் கொஞ்சம் பன்னீர் திராட்சைத் தோட்டம் உண்டு. அதனால் மாதம் ஒருமுறை, இயேசுவின் நினைவாக எல்லோரும் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து ஆராதனைக்குத் திராட்சை ரசம் செய்து கொடுப்பது என் வேலை. நாலு பேர் முன்னால் நின்று ஜெபம் செய்யச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அடுப்படியோடு முடிகிற இந்த வேலை எனக்குத் தோதாக இருந்தது. பழத்தைப் பிசைந்து, சர்க்கரையும் கிராம்பும் போட்டு, பீங்கான் ஜாடியில் சில வாரம் ஊறவைத்து வடிகட்ட வேண்டும். எங்கள் சபையில் எப்போதும் இதுதான் பக்குவம்.

எங்கள் பந்தலில் கவாத்து வெட்ட வருகிறவர் ஒருவர். எங்கள் சபைக்காரர்தான். கொடியில் எந்தக் கிளையை வெட்டலாம், எதை விடலாம் என்று யோசித்துத்தான் கத்திரியை வைப்பார். ஆனால் குடி உண்டு. விடுவார், சில வாரம் கழித்து மறுபடி தொடங்குவார். கிறிஸ்துமசுக்குப் பிறகு ஆலயத்துக்கு வந்தாலும் திருவிருந்து நேரத்தில் கடைசி பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்.

அந்த மாதத் திருவிருந்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம் நான் ரசத்தை வடிகட்டிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து தண்ணீர் குடிக்க வந்தவர், ஜாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கக் கூடாது. அதுல போதை இருக்குமா?”

“ஊறுனதுதானே, லேசா இருக்கும்” என்றேன்.

“அப்ப நான் நெனச்சது சரிதான். கிறிஸ்துமஸ் அன்னைக்கு ஆசையாப் போயி முழங்கால் போட்டேன்க்கா. அந்த ஒரு மடக்கு நாக்குல பட்டுச்சு. சாயங்காலம் காலு தானா கடைக்குப் போயிருச்சு. சாமி மேசையில இருந்து நேரா அங்கன போன ஆளு ஊருலயே நானாத்தான் இருப்பேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு, “வேணாம்னுதான்க்கா தெனமும் நெனைக்கிறேன். செய்யிறது என்னமோ வேறயா இருக்கு” என்றார்.

இன்னொரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன். போய்விட்டார்.

ஞாயிறு விடிந்ததும் பந்தலுக்குப் போய்ப் பழம் பறித்தேன். சர்க்கரை போடாமல் அப்படியே பிழிந்து, தூக்குவாளியில் ஊற்றி எடுத்துப்போனேன். போதகரிடம் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. பக்கத்தில் சபைக் கமிட்டிப் பெரியவர் ஒருவரும் இருந்தார்.

“ஒரு ஆளுக்காக சபையே பழக்கத்த மாத்தணுமாம்மா? அவனுக்கு மட்டும் தனியா ஒரு டம்ளர்ல குடுத்தாப் போச்சு” என்றார் அவர்.

“தனி டம்ளர் குடுக்கிறதுக்கு, அவர வராதீகன்னே சொல்லிறலாம். எல்லாரும் இதையே குடிப்போம்” என்றார் போதகர்.

ஆராதனையில், இன்றைய ரசம் காலையில் பிழிந்தது, போதை இல்லாதது என்று மட்டும் போதகர் அறிவித்தார். வரிசை வரிசையாக எல்லோரும் போனார்கள். கடைசி பெஞ்சில் இருந்த கவாத்துக்காரரை அவர் மனைவி இடித்துப் பார்த்துவிட்டுத் தனியாகப் போய்வந்தார். அவரோ தலையைக் குனிந்தபடியே இருந்தார். எல்லோரும் வாங்கி முடித்த பிறகும் போதகர் கிண்ணத்தை மூடவில்லை.

“அண்ணே, வரலையா?”

அவர் எழுந்து நின்றார். “வேணாங்கய்யா. நேத்து சாயங்காலம் மறுபடி குடியில விழுந்துட்டேன்.”

“அதானே பாத்தேன்” என்று முன்வரிசையில் ஒரு குரல் கேட்டது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. காலையில் பிழிந்ததெல்லாம் வீண் என்றுதான் நினைத்தேன்.

போதகர் குரலை உயர்த்தவில்லை. “விழாதவுகளுக்கு மட்டும்னா இந்த மேசைய என்னைக்கோ மடக்கி வச்சிருக்கணும்ணே. எனக்கும் இங்கன எடம் இருந்திருக்காது. ஆண்டவர் கூப்பிடுறாக. வாங்க.”

அவர் நடக்கத் தொடங்கி, நடுவழியில் ஒரு முறை நின்றார். திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் வந்து முழங்கால் போட்டார். கிண்ணம் உதட்டருகே வந்ததும் முதலில் முகர்ந்து பார்த்தார். அப்புறம் குடித்தார். அழவெல்லாம் இல்லை. வாயைத் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் என்னிடம், “என்னக்கா, பழுக்காததாப் பாத்துப் பறிச்சீகளா? ஒரே புளிப்பு” என்றார்.

அதற்குப் பிறகு எல்லாத் திருவிருந்துக்கும் அன்று காலையில் பிழிந்த ரசம்தான். அவர் குடியை முழுதாக விட்டுவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். விடவில்லை. நடுவில் பல மாதம் தொடாமல் இருந்தார்; இந்த வருடக் கோடையில் மறுபடி விழுந்தார். ஆனால் விழுந்த வாரத்திலும் தலையைக் குனிந்துகொண்டு முன்னால் வந்து முழங்கால் போடுகிறார். போன வாரம் கவாத்து வெட்டும்போது, “முன்னெல்லாம் விழுந்தா அங்கனயே கெடப்பேன்க்கா, இப்ப எந்திரிக்கத் தோணுது” என்றார்.

எல்லாம் சரியான பிறகுதான் ஆண்டவர் முன்னால் போக வேண்டும் என்று வெகுகாலம் நம்பியிருந்த நான், இப்போது என் கோபத்தோடும் பொறாமையோடும் அந்த மனிதருக்குப் பக்கத்தில் கூச்சமில்லாமல் முழங்கால் போடுகிறேன்.