இரண்டாவது கையெழுத்து

ஒஹாயோவில் ஒரு பள்ளியின் கல்லூரி ஆலோசகர் லோர்னா பத்தொன்பது வருடமாக வாய் வலிக்கச் சொல்வது ஒன்றுதான். டிசம்பரிலேயே முடிவு தெரிய வேண்டுமென்றால் ஒரே கல்லூரிக்குத்தான் ஒப்பந்தம் எழுதிக்கொடுக்கலாம், இடம் கிடைத்தால் சேர்ந்தே தீர வேண்டும். இல்லையென்றால் வசந்தகாலம்வரை பொறுக்க வேண்டும். காதில் வாங்குபவர்தான் இல்லை.

மாணவன் வெஸ்லியின் ஒப்பந்தத்தில் ஆலோசகராகக் கையெழுத்திடும்போது அவன் அப்பா கிரெய்கிடமும் சொன்னாள். "இன்னொரு காலேஜுக்கும் இப்படி எழுதிக் கொடுத்துடாதீங்க. சேர்த்த பசங்க லிஸ்ட்ட காலேஜ்காரங்க ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்குவாங்க. ரெண்டு இடமும் போயிடும்."

"ரொம்பத்தான் பயப்படுறீங்க, லோர்னா."

அவள் விடுப்பெடுத்த வாரத்தில் கிரெய்க் துணை ஆலோசகரிடம் வேறொரு கல்லூரிக்கான ஒப்பந்தத்திலும் கையெழுத்து வாங்கிவிட்டார்.

டிசம்பரில் டோனட் பெட்டியோடு வந்து சிரித்தார். "ரெண்டுலயும் கிடைச்சிருச்சு. எதுல சேக்கலாம், நீங்களே சொல்லுங்க."

லோர்னா எழுந்து போய், இனிச் சொல்லப்போவது வெளியே கேட்காதபடி கதவைச் சாத்தினாள்.