விரதம் என்று நினைத்தார்கள்

மனநோய் தொடங்கியவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது என் வேலை. பாதிக் கதவுகள் திறக்காது, திறக்கும் கதவுகளில் பாதி காப்பி கொடுத்தே அனுப்பிவிடும். என்னைப் போலவே இந்த வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கௌரி அக்காவின் குரல்

சிங்கப்பூர் தேக்காவில் காய்கறிக் கடை வைத்திருக்கும் கௌரி அக்கா சாதாரணமாகப் பேசினாலே தெருமுனைவரை கேட்கும். ஒருநாள், யாரோ கத்தரிக்காயில் விஷம் தடவுகிறார்கள் என்று கத்தி, வந்தவர்களை எல்லாம் விரட்டத் தொடங்கினார். அந்த வாரமே பக்கத்துக் கடைக்காரர்கள் டாக்சியில் ஏற்றி எங்கள் கிளினிக்குக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மருந்து நன்றாகவே பிடித்துக்கொண்டது. போன மாதம் எனக்கு முருங்கைக்காய் பொறுக்கிப் போட்டபடி சொன்னார்: "கத்துனதால நான் தப்பிச்சேன் லா. கத்தாதவங்க பாடு என்னம்மா?"

அமைதியான பிள்ளை

செம்பவாங்கில் ஒரு வீட்டுக்குப் போனபோது மாலை வெயில் தாழ்வாரம் முழுக்கப் படுத்திருந்தது. உள்ளே கற்பூர வாசனை. அந்த வீட்டு மகன் செந்தில் சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தவர், சின்ன வயதிலிருந்தே பேச்சு குறைவு. தைப்பூசக் காவடிக்கு விரதம் இருந்தபோது தரையில் படுத்தார், யாரிடமும் பேசவில்லை, அரைவயிறுதான் சாப்பிட்டார். சொந்தக்காரர்கள் புகழ்ந்து தள்ளினார்கள். டேங்க் ரோடு கோயிலில் காவடியை இறக்கியபின் எல்லோரும் விரதத்தை முடித்தார்கள். செந்தில் முடிக்கவில்லை, வேலைக்கும் போகவில்லை. அடுத்த தைப்பூசமும் வந்துபோனது.

அவருடைய தங்கை ரகசியமாக ஃபோன் செய்ததால்தான் எனக்கே தெரியும். தள்ளிப்போடப் போட மீள்வது கடினமாகும்; அன்றே அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போய்விட வேண்டுமே என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. அம்மா காப்பியை நீட்டினார். "அவன் எப்பவும் இப்படித்தாம்மா. சாமியோட பேசிக்கிட்டு இருக்கான், நாம ஏன் கெடுக்கணும்?"

லிஃப்ட் வரும்வரை

வழக்கமாக வீட்டாரிடம்தான் விசாரிப்போம். அன்று நான் செந்திலின் அறை வாசலில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் திரை மெல்ல ஏறி இறங்கியது. எவ்வளவு நேரம் போனதோ, எனக்கே கண் சொருகியது. உங்களுக்கு யார் பேசுவது கேட்கிறது என்று மெதுவாகக் கேட்டேன். அவரும் மெதுவாகவே சொன்னார்: வாயைத் திறந்தால் மனத்தில் இருப்பதெல்லாம் காதில் ஓயாமல் கேட்கும் குரல்களுக்குத் தெரிந்துவிடுமாம், அதனால்தான் பேசுவதில்லையாம்.

சோற்றுத் தட்டோடு பின்னால் நின்ற அம்மாவுக்கும் அது கேட்டது. தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு மகனின் செருப்பைத் தேடிக் கொண்டுவந்தார். கிளினிக்குக்குக் கிளம்பி லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது, "என்கிட்ட ஏம்பா சொல்லல?" என்று அழுதார். செந்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லார்கிட்டயும் என்னைப் பத்திப் பெருமையா சொல்லிக்கிட்டு இருந்தீங்க மா. அதான்."

கத்திச் சண்டை போடுபவர்களை எங்களிடம் ஒரே வாரத்தில் இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியவர்களுக்குத்தான் வந்துசேர வருடக்கணக்கில் ஆகிறது.