மாமா ஏறினால் பிரேக் பிடிக்காத கார்

"இனிமே அந்தக் கார்ல ஏற மாட்டேன்" என்று மாமனார் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். செவ்வாயும் வெள்ளியும் அவரைத் திருப்பத்தூருக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போக வேண்டும். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ஒரு தடவை தவறினாலே உடம்பு வீங்கி மூச்சு வாங்கும், மறு தடவையும் தவறினால் பொறுப்பேற்க முடியாது என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் மலைமேல் இருக்கிற எங்கள் ஊருக்குப் பஸ் வந்தால் உண்டு. ஜீப்பில் நெருக்கிக்கொண்டு போகிற உடம்பும் இல்லை அவருக்கு. எங்களுக்கு இருந்தது அந்தப் பழைய கார் ஒன்றுதான்.

அவர் மாட்டேன் என்றதிலும் நியாயம் இருந்தது. மலை இறங்கும்போது பிரேக் போய்க்கொண்டிருந்தது. அதுவரை மூன்று தடவை. முதல் இரண்டு தடவையும் பெடல் சொதசொதவென்று உள்ளே போய் எப்படியோ சமாளித்தது. மூன்றாவது தடவை தரையைத் தொட்டுவிட்டது. என் வீட்டுக்காரர் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காரை மலைப்பக்கத்து மண்மேட்டில் கொண்டுபோய் முட்டினார். மறுபக்கம் பள்ளம். அதுவரை முன்சீட்டில் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. எப்போதும் போல் பின்சீட்டில் மாமாவின் தலையை மடியில் வைத்து, அவர் வாந்தி எடுத்தால் பிடிக்கக் கையில் பாலிதீன் கவரோடு உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் அரைமணி நேரம் நிறுத்தி வைத்தால் போதும், பெடல் கல் மாதிரி ஆகிவிடும். திருப்பத்தூர் மெக்கானிக் மிதித்துப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், அடியில் படுத்தும் பார்த்தார். பிரேக் பேடை மாற்றினார். சக்கரத்துக்கு பிரேக் ஆயிலைத் தள்ளுகிற சிலிண்டரையும் மாற்றினார். மூன்றாவது தடவை போனபோது வண்டியில் ஒன்றுமே இல்லை என்று கையை விரித்துவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவரானால் விழுந்து எழுந்து வந்தவளிடம் கூடம் நேராகத்தான் இருக்கிறது என்கிறார். எனக்கு எரிச்சலான எரிச்சல்.

அந்த வெள்ளிக்கிழமை மாமா படுக்கையை விட்டு எழவே மறுத்ததும், நாமே கண்டுபிடித்துவிடுவோம் என்று என் வீட்டுக்காரரைக் கிளப்பினேன். அவர் ஓட்டினார், நான் முன்சீட்டில். அடிவாரம் வரை ஒவ்வொரு வளைவிலும் பெடல் இரும்பாக நின்றது. திரும்ப மேலே ஏறி மறுபடியும் இறங்கினோம். அப்போதும் ஒன்றும் இல்லை. ஒருவேளை பின்னால் பாரம் இருந்தால்தான் கோளாறு வருமோ என்று தோன்றியது. வீட்டிலிருந்த புளி மூட்டை இரண்டைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டு மூன்றாவது தடவை இறங்கினோம். புளிக்குக் காற்று வாங்கக் கூட்டிப் போகிறீர்களா என்று வழியில் ஒருத்தி கேட்டாள். பிரேக் அப்போதும் நன்றாகத்தான் பிடித்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமா படுத்தபடியே என்ன ஆச்சு என்று கேட்டார். அலைந்த அலுப்பு, ஆத்திரம். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"ஒண்ணும் ஆவல மாமா. நீங்க இல்லன்னா நல்லாத்தான் ஓடுது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

"அப்ப கோளாறு வண்டில இல்ல. என்கிட்டதான்" என்றார் மாமா.

அதற்குப் பிறகு யார் சொல்லியும் கேட்கவில்லை. அன்றைய டயாலிசிஸ் தவறிப்போனது. போகிற உயிர் தன்னோடு போகட்டும், கூட இரண்டு பேரை இழுத்துக்கொண்டு போக வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவருக்கு முகமெல்லாம் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது. மாட்டேன் என்று சொல்லக்கூடத் தெம்பில்லை. என் வீட்டுக்காரர் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து பின்சீட்டில் சாய்த்தார். நான் பக்கத்தில் ஏறப் போனேன். மாமா கையால் என்னைத் தள்ளினார். "எங்கூட ஒக்காராத. முன்னால போ. எதனா ஆனா குதிச்சிடலாம்" என்றார். இரண்டு பக்கமும் தலையணையை அணைத்து வைத்துவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

அதனால்தான் பார்த்தேன். இறக்கம் தொடங்கியதும் என் வீட்டுக்காரரின் இடது கை கியரைத் தொட்டு நியூட்ரலுக்குத் தள்ளியது. உறுமிக்கொண்டிருந்த இன்ஜின் அடங்கிப்போனது. வெள்ளிக்கிழமை மூன்று தடவை இறங்கியபோதும் அந்தக் கை இதைச் செய்யவில்லை. இரண்டாவது கியரிலேயேதான் இறங்கினோம்.

"இன்னாங்க பண்றீங்க?"

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கியர்ல எறக்குனா வண்டி இழுத்து இழுத்து வுடுது. அப்பாவுக்குக் கொமட்டுது. இப்பிடி வுட்டா தூங்கிடுவாரு."

எங்கள் மலையில் பாதிப் பேர் நியூட்ரலில்தான் இறங்குவார்கள். அதனால் மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டிய விஷயமாகவே அவருக்குத் தோன்றவில்லை. லைசென்ஸ் எடுக்கும்போது எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், இறக்கத்தில் கியர்தான் வண்டியைப் பிடித்து வைக்கும், நியூட்ரலில் விட்டால் அத்தனை பாரமும் பிரேக்கின் தலையில்தான் என்று. அதை யோசித்து முடிப்பதற்குள் தீய்ந்த வாடை வந்துவிட்டது.

"கியர் போடுங்க" என்றேன்.

அவர் அதற்குள் பிரேக்கை மிதித்திருந்தார். "பெடல் எறங்குது" என்றார். எதிரே வளைவு, அதற்கு அப்பால் வெறும் ஆகாயம். போடுங்க, போடுங்க என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். மூன்றாவதுக்குத் தள்ளினார், பிறகு இரண்டாவதுக்கு. இன்ஜின் அலறியது. வண்டி ஒரு வெட்டு வெட்டியதில் என் நெற்றி முன்னால் போய் இடித்தது. வேகம் அடங்க அடங்க ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். மலையை ஒட்டி நின்றோம். முன்சக்கரத்திலிருந்து புகை வந்தது.

விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் சூட்டில் பிரேக் ஆயில் கொதித்துவிடும், கொதித்த ஆயிலுக்கு அழுத்தம் இருக்காது, ஆறினால் பழையபடி ஆகிவிடும் என்று மெக்கானிக் பிறகு சொன்னார். அவர் கைக்குப் போகும்போதெல்லாம் அது ஆறிப்போயிருந்தது.

வாய்க்கு வந்தபடி திட்டிவிடத்தான் திரும்பினேன். என் வீட்டுக்காரர் பின்னால் திரும்பி அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா தூங்க வேண்டுமென்று நினைத்த மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது. திட்ட வேண்டியிருந்தது என் நாக்கைத்தான்.

பின்னால் மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க வாங்கக் கேட்டார்.

"அப்ப நான் இல்லயாம்மா?"

"நீங்க இல்ல மாமா. நியூட்ரல்ல வுட்டதுதான். நான் சொன்னது தப்பு."

"நான் இல்ல" என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிக்கொண்டார். கண்ணைத் துடைத்தார். சக்கரம் ஆறும்வரை அங்கேயே நின்றோம். என் வீட்டுக்காரர் வண்டியைக் கிளப்பியதும் மாமா, "கியர்லயே ஓட்றா. வாந்தி வந்தா எடுத்துக்கிறேன்" என்றார்.

அடிவாரம் போவதற்குள் மூன்று தடவை வாந்தி எடுத்தார். ஒரு தடவைகூட வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.