அந்தோணியார் காயவே இல்லை

மீன் எண்ணெயும் வார்னிஷும் கலந்த வாடையை நீங்கள் முகர்ந்திருக்க மாட்டீர்கள், முகராமலே இருங்கள். என் நான்காம் வகுப்புக் கோடை விடுமுறை முழுக்க அந்த வாடையில்தான் கழிந்தது. இன்றைக்கும் யாராவது புதுக்கதவுக்கு வார்னிஷ் அடித்தால், குமட்டலுக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பாம்பனுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் அய்யா, "வத்தை" என்று நாங்கள் சொல்லும் நாட்டுப்படகு கட்டுகிற தச்சர். கோயிலில் இருந்த பழைய அந்தோணியார் சிலை உப்புக்காற்றில் உதிர்ந்துபோக, திருவிழாவுக்குள் மரத்தில் ஒன்று செய்து தருவதாக ஒத்துக்கொண்டார். பூவரசங்கட்டையில் அவர் செதுக்கிய முகம், மரத்தின் கருஞ்சிவப்பு ரேகை நெற்றியிலிருந்து கன்னத்துக்கு இறங்க, கடலுக்குப் போய்த் திரும்பிய களைப்போடு எங்கள் தெரு ஆள் ஒருவரைப் போலவே இருந்தது. "இப்பிடியே வச்சிருவோம்யா" என்று கெஞ்சினேன். அந்த முகத்தை, அந்த ரேகையோடு ஊர் பார்க்க வேண்டும்; எனக்கு வேறு ஆசையே இல்லை. வெறும் மரத்தை உப்பு தின்றுவிடும் என்றார் அய்யா. நியாயம்தான். மேலே எதைப் பூசுவது என்பதில்தான் எல்லாம் கெட்டது.

வத்தைக்குப் பூசுவதைத்தான் அவர் கை அறியும். சுறா ஈரலை உருக்கிய எண்ணெயைத் தேங்காய் நாரால் தொட்டுத் தேய் தேய் என்று தேய்த்தார். மரம் மின்னியது, இல்லை என்று சொல்லமாட்டேன். மறுநாள் காலையில் தெருப்பூனைகள் அத்தனையும் அந்தோணியார் காலடியில். கோயில் உபதேசியார் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏலே, கோயிலுக்குள்ள கருவாட்டுக் கடையா வைக்கப் போற?" என்றார். உடனே பெரியப்பா ராமநாதபுரம் போய் வார்னிஷ் வாங்கி வந்தார். "இத அடிச்சுவிட்டா வாடை உள்ளயே அமுங்கிப் போகும்." எண்ணெய் குடித்த மரத்தின்மேல் வார்னிஷ் காயாது என்பது ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. படகு எண்ணெயோடே கடலுக்குப் போய்விடும், அதன்மேல் வார்னிஷ் அடித்தவர் யார்?

தொட்டால் விரல் ஒட்டியது. வெயிலில் நிறுத்தினோம், காற்று மணலை வாரிவந்து அப்பியது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தோம். திட்டுத் திட்டாக வெளுத்தது. சித்தப்பா ஒன்று சொன்னார், மாமா ஒன்று சொன்னார். எல்லோருக்கும் அய்யா "சரிதான், சரிதான்" என்று தலையாட்டியதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செதுக்கும்போது ஒருவரையும் கிட்ட அண்டவிடாத மனிதர், பூச்சுக்கு மட்டும் ஊரையே கூட்டி வைத்துக்கொண்டார்.

திருவிழா வந்துவிட்டது. எங்கள் கரையில் நேர்ச்சைக்கு உப்பும் மிளகும் தூவுவது வழக்கம். சப்பரம் தெருவுக்குள் வரவர, தூவியதெல்லாம் சிலையில் ஒட்டிக்கொண்டது. கோயிலுக்குத் திரும்பும்போது கன்னம் முழுக்க மிளகு. "அந்தோணியாருக்கு அம்மை போட்டிருச்சுடோய்" என்று இளவட்டங்கள் சிரித்தார்கள். அய்யா தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த வாரம், சுரண்டித் துடைத்துவிட்டு விசைப்படகுக்கு அடித்து மிஞ்சிய எனாமல் பெயிண்டை அடித்துவிடலாம் என்று ஆட்கள் வந்தபோது, "அடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். நான் அழுததை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

அய்யா இல்லை இப்போது. சிலை இருக்கிறது. வருடா வருடம் திருவிழாவுக்கு முன்னால் ஒரு பூச்சு ஏறி ஏறி, மூக்கு மழுங்கி உதடு பருத்து, ரேகை இருந்த இடத்தில் ரோஸ் நிறக் கன்னம். போன வாரம் கோயில் கமிட்டித் தம்பி ஒருவன் போன் செய்து, "அக்கா, ஒங்க அய்யா செஞ்சதுல்ல, இந்த வருசம் என்ன கலருன்னு நீங்களே சொல்லுங்க" என்றான். இத்தனை காலத்தில் முதல்முறையாக என்னைக் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள் என்று கத்தினேன். "சொரண்டுனா சனத்துக்கு அடையாளம் தெரியாதேக்கா. இதான நம்ம அந்தோணியாரு" என்றான். அந்தப் பழைய முகத்தைப் பார்த்தவர்களில் மிச்சம் நான் ஒருத்திதானோ என்னவோ.

வாயில் வந்த ஒரு நிறத்தைச் சொன்னேன். பிறகு மனசு கேட்காமல், "தம்பி, வலது காதுக்குப் பின்னால கொஞ்சம் மரம் தெரியுதுல்ல, உளி வெட்டோட..." என்று ஆரம்பித்தேன்.

"ஆமாக்கா, பாத்தேன். பெரிய பிரஷ் அங்கன எட்டலக்கா. இந்தத் தடவை சின்ன பிரஷ் வாங்கியாச்சு" என்றான், பெருமையாக.