அம்மாவின் பங்குக்கு வந்த மோட்டார்

எண்ணெய் கலந்த பெட்ரோல் வாசனையோடு கடல் உப்பின் வாசனையும் சேர்ந்துவிட்டால் அது எப்படி இருக்கும் என்று, ஆவடியை ஒட்டி, கடலே இல்லாத கோவில்பதாகையில் வளர்ந்த எனக்கு நன்றாகத் தெரியும். நான் ஆறாம் வகுப்பு படித்த ஆண்டில், ஏறக்குறைய ஒரு மழைக்காலம் முழுக்க, எங்கள் வீட்டுப் பின்பக்கம் அந்த வாசனைதான் நிறைந்திருந்தது. படகின் பின்புறத்தில் மாட்டுகிற மோட்டார் ஒன்று, அம்மாவின் பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு, கொய்யா மரத்துக்கும் மதில்சுவருக்கும் குறுக்கே அடித்த பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மா பழவேற்காட்டில் பிறந்தவள். அவளுடைய அப்பா, அவள் வாயில் எப்போதும் ‘நைனா’, ஃபைபர் படகு வைத்து மீன் பிடித்தவர். அவர் சாவதற்குச் சில நாட்களுக்கு முன்பு உறவுக்காரர்களைக் கூட்டிவைத்து, வீடும் படகும் மகனுக்கு, ‘எஞ்சினு’ மட்டும் மகளுக்கு என்று சொல்லிவிட்டார். ஆவடிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்குப் படகு மோட்டார் எதற்கு என்று எல்லோரும் சிரித்தார்களாம். நைனாவோடு கூடவே மீன் பிடித்த அவர் மகன், என் மாமா பாபுவும் சிரித்திருக்கிறார். ஆனால் ஊர்ப் பெரியவர்கள் ‘சொன்னது சொன்னதுதான்’ என்று நின்றுவிட்டதால், காரியம் முடிந்த மறுவாரம் மாமா மோட்டாரைக் குட்டி வண்டியில் ஏற்றி எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தார். வண்டியை விட்டு இறக்காமலே, “இத்த வெச்சிகினு நீ இன்னா பண்ணப் போறே, யக்கா?” என்று கேட்டார். நீயே எடுத்துக்கொண்டு போ என்று அம்மா சொல்வாள் என்றுதான் அவர் வந்திருக்க வேண்டும். அம்மா வாசலில் நின்றபடி ஒரே சொல்தான் சொன்னாள்.

“எறக்கு.”

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். மோட்டாரை என்ன செய்யலாம் என்று அம்மா கேட்டபோது, “அது உன் பங்கு. நீ இன்னா பண்ணாலும் நான் வாயத் தொறக்க மாட்டேன்” என்றார். சொன்னபடி கடைசிவரை இருந்தார். தெருக்காரர்கள் அப்படி இருக்கவில்லை. பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டு விலை சொன்னார். எதிர் அடுக்ககத்தில் புதிதாகக் குடிவந்திருந்த கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் இணையத்தில் தேடி, வெளிநாட்டில் இதே மோட்டார் என்ன விலை போகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். முதல் விலைக்கு ஒரு சைக்கிள் வரும், இரண்டாவதற்கு ஒரு கார் வரும் போலிருந்தது. அம்மா இரண்டு பேருக்கும் டீ கொடுத்து அனுப்பினாள்.

ஒரு சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு, ரயிலிலும் பஸ்ஸிலுமாகக் காசிமேட்டுக்குப் போனாள். பழைய மோட்டார் விற்கும் கடைகள் வரிசையாக இருந்த தெரு அது. முதல் கடையில், இந்த வகை மோட்டார் ஒன்று இருக்கிறது, எவ்வளவுக்கு எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்டாள். நாற்பதாயிரம் என்றார்கள். நாலு கடை தள்ளிப் போய், அதே மோட்டார் எனக்கு ஒன்று வேண்டும், எவ்வளவுக்குத் தருவீர்கள் என்றாள். அறுபதாயிரம் என்றார்கள். இப்படியே அந்தத் தெருவில் பாதிக் கடைகளில் விற்பவளாகவும் மீதிக் கடைகளில் வாங்குபவளாகவும் ஏறி இறங்கினாள். குரல் மாறவில்லை, முகம் மாறவில்லை. எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியாமல் வயிறு வலித்தது. திரும்பும்போது ரயிலில், “விக்கிறவனுக்கும் நோவக் கூடாது, வாங்குறவனுக்கும் நோவக் கூடாது. நடுவுல அம்பது” என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

அப்பாவின் கூட்டாளி மூலமாகக் கேள்விப்பட்டு, கோவளம் பக்கம் சுற்றுலாப் படகு விடுகிற ஒருவர் பார்க்க வந்தார். பெரிய நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரின் விசிறி முழுகும்படி இறக்கிவைத்து, அம்மாவே கயிற்றைப் பிடித்தாள். மூன்றாவது இழுப்பில் அது உறுமிய உறுமலில் கொய்யா மரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. தெருவே மதில் மேல் ஏறி நின்றது. வந்தவர் சத்தத்தைக் கேட்டதுமே ஐம்பது தருகிறேன் என்றார். அம்மா மோட்டாரை நிறுத்தினாள். அடிப்பக்கத் திருகைக் கழற்றி, வடிந்த எண்ணெயை ஒரு டம்ளரில் பிடித்து அவரிடம் நீட்டினாள். கறுப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் பால் ஊற்றின டீ மாதிரி இருந்தது.

“உள்ள தண்ணி பூந்துகினு கீது, அண்ணே. இத்தப் பிரிச்சி சரி பண்ண பத்து ஆவும். நாப்பது குடுத்தா போதும்.”

அவர் டம்ளரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பணத்தை அப்போதே எடுத்தார். அம்மா வாங்கவில்லை. “ஒரு மாசம் பொறுத்துக்கங்க. தம்பியக் கேக்காம குடுத்தா நல்லா இருக்காது” என்றாள். எனக்குத் தாங்கவில்லை. கையில் வந்த பணத்தை யாராவது விடுவார்களா?

சேதி போய் மாமா வந்தார். நாற்பது என்றதும் அவர் முகம் சிவந்துவிட்டது. “நைனா பொருளுக்கு எங்கிட்டயே வெல சொல்றியா? பத்து தர்றேன், குடு.”

“ஊடும் போட்டும் உனுக்குக் குடுத்தாரே, நான் வெல கேட்டனா? ஊரான் நாப்பது தர்றான். தம்பின்னு கொறைக்கவும் மாட்டேன், கோவத்துல ஏத்தவும் மாட்டேன்.”

மாமா தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். அன்று அம்மா சமைத்த வஞ்சிரக் குழம்பு சட்டியோடு அப்படியே இருந்தது. நாங்கள் யாரும் சாப்பிடவில்லை. ஒரு மாதமும் போயிற்று. கோவளத்துக்காரர் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு மோட்டார் வாங்கிவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். அம்மா தினமும் புடவையை அவிழ்த்து மோட்டாரைத் துடைத்து மறுபடி சுற்றினாள். தம்பியும் போய், விலையும் போய்விட்டதோ என்று அவள் பயந்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் ஒருநாளும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

மழை விட்டபிறகு மாமா மறுபடி வந்தார். இந்த முறை அவர் மனைவி செல்வி அத்தையும் கூட வந்திருந்தார். கோவளத்து ஆள் விலகிய சேதி மாமா காதுக்கும் எட்டியிருந்தது. “இப்பதான் வேற ஆளே இல்லியே. பதினஞ்சி வெச்சிக்கோ” என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். அம்மாவின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். மாமா இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அம்மா சரி என்று சொல்லியிருப்பாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதற்குள் செல்வி அத்தை எழுந்தார். அண்ணி முன்னால் குரலை உயர்த்திக்கூடப் பேசாத அத்தை அவர்.

“அண்ணி, நீங்க கொறைக்காதீங்க. எங்க அப்பன் ஊட்டுல எனுக்கு ஒரு டம்ளரு கூட குடுக்கல. உங்களுக்குக் குடுத்துகிறாரு. அத்தயும் இந்த ஆளு அடிச்சி வாங்கினா, எனுக்கே கோவம் வரும்.”

மாமா பனியனுக்குள் வைத்திருந்த பையை எடுத்து, நாற்பதையும் கொடுத்தார். கொண்டுதான் வந்திருக்கிறார்! அம்மா அந்தப் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மோட்டாரை, அதைச் சுற்றியிருந்த புடவையோடு சேர்த்து, வண்டியில் ஏற்றிவிட்டாள். அன்றைக்கு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மாமா இரண்டு தரம் குழம்பு கேட்டார். பணத்தில் அம்மா மெல்லிய சங்கிலி ஒன்று வாங்கிக்கொண்டாள். யாராவது கேட்டால், “எங்க நைனா போட்டது” என்பாள்.

கொய்யா மரம் இருந்த இடத்தில் இப்போது பக்கத்து அடுக்ககத்தின் கார்கள் நிற்கின்றன. அந்த மோட்டாரை மாமா பல வருடம் ஓட்டித் தேய்த்துவிட்டு, புதிது வாங்கும்போது கடைக்காரனிடமே விட்டுவிட்டார். தெருவில் அதைப் பார்த்தவர்களும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். பெட்ரோலுக்கு நடுவே அந்த உப்பு வாசனையை நான் அப்புறம் எங்கும் முகர்ந்ததில்லை.

போன தை மாதம் மாமா தன் சொத்தைப் பிரித்தார். அம்மாவை வரச்சொல்லி ஆள் அனுப்பினார், நானும் துணைக்குப் போனேன். கூடத்தில் பெரியவர்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். “யக்கா, பையனுக்கு இன்னா, பொண்ணுக்கு இன்னான்னு நீயே ஒரு நாயம் சொல்லு” என்றார் மாமா.

அம்மா சுற்றிப் பார்த்தாள். மாமாவின் பெண்ணை அங்கே காணோம்.

“அவளுக்கு இன்னா வோணும்னு என்னிய ஏன்டா கேக்குறே? அவளக் கூப்ட்டு கேளு.”

உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்த மாமா மகள், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, பெரியவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.