பெட்டியை விட்டுப் போன பெட்டிக்காரி

ஓடிப்போனாளாம். ஓடிப்போகிறவள் எவளாவது வாசலில் நின்று, நாளையிலிருந்து ஒரு பாக்கெட் குறைத்துப் போடுங்கள் என்று பால்காரரிடம் சொல்லிவிட்டுப் போவாளா? பயணப்பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனவர் அவள் கட்டின புருஷன், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பெண்டாட்டி ஓடிப்போகச் சுமை தூக்கிக் கொடுத்த புருஷனை இந்தத் தெரு எங்கே கண்டது? நாக்குக்கு நரம்பில்லைதான், அதற்காக இப்படியா வளைப்பது.

நாத்தனாரோடு சண்டை போட்டுக்கொண்டு போனாள் என்கிறது இன்னொரு கூட்டம். அதில் கால் பங்கு உண்மை உண்டு. நடந்ததைக் கேட்டால் மிச்ச முக்காலும் தானே உதிர்ந்துவிடும்.

பெட்டிக்காரி என்று பேர் வைத்ததும் இதே தெருதான். சட்டை தைக்கிற கம்பெனியில், துணி வெட்டுவதற்கு அளவுப்படம் போடுகிற வேலை அவளுக்கு. கழுத்து, தோள், கை என்று அளவைச் சொன்னால் கம்ப்யூட்டரே அந்தப் படத்தைப் போட்டுத் தரும்படி ஒரு புரோகிராம் எழுதினாள். எழுதினதைப் பூட்டி வைத்தாளா என்றால் இல்லை. உள்ளே இருக்கிற வரிகளை யாரும் எடுத்துப் பார்க்கலாம், பிரிந்த இடத்தைத் தைத்தும் கொடுக்கலாம் என்று திறந்து போட்டாள். கண்காணாத தேசத்து ஆட்களெல்லாம் வந்து சேர்ந்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுவதெல்லாம் வந்து சேருகிற இடம் அவள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, செருப்பு அலமாரிக்கு மேலே உறுமிக்கொண்டிருந்த ஒரு கறுப்புக் கம்ப்யூட்டர் பெட்டி.

ஆரம்பத்தில், எழுதினதன் முழு வரலாறும் அந்தப் பெட்டியில் மட்டும்தான். மற்றவர்களிடம் இருந்தது கடைசியாக எழுதினது மட்டும். பெட்டி படுத்தால் எல்லாம் படுத்தது. பிறகு முறை மாறியது. எடுக்கிறவர் ஒவ்வொருவர் கையிலும், முதல் நாள் எழுதிய வரியிலிருந்து யார் எதை மாற்றினார் என்பது வரைக்கும் முழுசாகப் போய்ச் சேரும்படி ஆனது. மாற்றினவளும் அவள்தான். ஆனால் தலைக்குத் தெரிந்தது அவள் வயிற்றுக்குத் தெரியவில்லை. கரண்ட் போனால் சாப்பாட்டிலிருந்து எழுந்து ஓடுவாள், பெட்டி இருமினால் இவளுக்குச் சோறு இறங்காது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் முகத்தைக் காட்டிவிட்டு, அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி ஓடி வந்துவிடுவாள்.

கடல் தாண்டி இருக்கிற அக்கா வருஷக்கணக்காகக் கூப்பிட்டுப் பார்த்தாள். இந்தத் தடவை அக்காவுக்கு முட்டி ஆபரேஷன்.

"பெட்டிக்கு ஜுரம்னா பக்கத்துலயே உக்காந்திருப்ப. எனக்குன்னா மட்டும் போன்ல விசாரிப்ப," என்றாள் அக்கா. "இப்பவும் வரலன்னா, உனக்கு அக்கான்னு ஒருத்தி இல்லைன்னு வச்சுக்கோ."

பார்க்கலாம் என்று இவள் சொன்னபோது ஒரு கையில் போன், மறு கை பெட்டியின் மேல். புருஷன் பார்த்தார், அவளைக் கேட்காமலே டிக்கெட் எடுத்துவிட்டார். தம்பிக்குச் சமைத்துப்போட என்று அவருடைய அக்காவும் வந்து இறங்கினாள். இவளோ பயணப்பையைக்கூட இறக்காமல் பெட்டியையே சுற்றி வந்தாள்.

வந்த மறுநாள் காலையில் நாத்தனார் தம்பி சட்டையைத் தேய்க்க இஸ்திரிப்பெட்டியோடு வீட்டைச் சுற்றினாள். வாகான சாக்கெட் மாடிப்படிக்குக் கீழேதான் இருந்தது. பெட்டியைப் பிடுங்கினாள், இஸ்திரியைச் சொருகினாள். கேட்டதற்கு, ஒரு சட்டை நேரம்தானே, அது சும்மாதானே உறுமிக்கொண்டிருந்தது என்றாள்.

திரும்பச் சொருகியபோது பெட்டி டக் டக் என்றது. அப்புறம் அதுவும் இல்லை. காப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்திருந்தாள், சமர்த்து. அதையும் அதே பெட்டிக்குள் வைத்திருந்தாள். வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டின சமர்த்து.

படியில் உட்கார்ந்து எல்லோருக்கும் எழுதினாள்: எல்லாம் போய்விட்டது, என் வீட்டில் இருந்ததை நான் காப்பாற்றவில்லை, மன்னித்துவிடுங்கள். முதல் பதில் தாடிக்காரரிடமிருந்து வந்தது, கண்காணாத தேசத்துக் கூட்டாளிகளில் ஒருவர். படத்தில் தாடியைத் தவிர அவரிடம் வேறெதையும் இவள் கண்டதில்லை. என்ன போச்சு, என்னிடம் முழுசாக இருக்கிறதே, நீ முதல் நாள் காலரைத் தலைகீழாகப் போட்டது உட்பட, என்று எழுதியிருந்தார். என்னிடமும், என்னிடமும் என்று வரிசையாக வந்தார்கள். தாடிக்காரர் தன்னிடம் இருந்ததைத் தன் மெஷினில் ஏற்றி, இனி எல்லோரும் இங்கே வந்து எடுங்கள் என்று புது முகவரி கொடுத்தார். நாத்தனார் தேய்த்த சட்டையில் சூடு ஆறுவதற்குள் எல்லாம் முடிந்தது.

சரியாக வந்திருக்கிறதா என்று இவள் தன் மடிக்கணினியில் ஒரு நகல் இறக்கி, ஒவ்வொரு மாற்றத்தோடும் அவரவர் எழுதி வைக்கிற குறிப்புகளைத் தள்ளிக்கொண்டே போனாள். குற்ற உணர்ச்சியில் பின்னாலேயே நின்ற நாத்தனார் கண்ணில் ஒரு வரி பட்டுத் தொலைத்தது: 'நாத்தனார் வந்திருக்கிறாள். கவனம் சிதறி இடது கை நீண்டுவிட்டது. திருத்தியாச்சு.'

"இதை அழி," என்றாள் நாத்தனார்.

"நான் அழிச்சாலும் மத்தவங்ககிட்ட இருக்குமே, அண்ணி."

"எத்தனை பேர்கிட்ட?"

"எனக்கே தெரியாது."

"அவங்களுக்கெல்லாம் தமிழ் தெரியுமா?"

"தாடிக்காரர் மட்டும் அர்த்தம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டார். கீழ பாருங்க, அவரும் அவர் பெண்டாட்டியோட நாத்தனாரைப் பத்தி எழுதியிருக்கார்."

அன்று முழுக்க நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் தட்டை நங்கென்று வைத்தாள். "உலகம் பூரா என் மானம் பத்திரமா இருக்கு. இந்தச் செத்த பெட்டிக்கு இன்னும் எதுக்குக் காவல்? போய் உங்க அக்காவைப் பாரு."

இவள் தட்டைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

இவள் போன பிறகு தனியாக அடுப்படியில் நிற்கிறவளுக்குப் பேச்சுத்துணை வேண்டாமா? அதனால்தான் நாத்தனார் இந்தக் கதைக்குக் கண், காது, மூக்கு வைத்துத் தெருவில் விட்டாள். கெட்டவள் இல்லை, உப்பு கொஞ்சம் தூக்கலாகப் போடுகிறவள், அவ்வளவுதான்.

கிளம்புகிற அன்று, படிக்குக் கீழே வந்ததும் பழக்கதோஷத்தில் இவள் கை நீண்டது. உறுமல் இல்லை. கறுப்புப் பெட்டியின் தலைமேல் இஸ்திரிப்பெட்டி குந்தியிருந்தது.

"சாக்கெட் வசதியா இருக்கா, அண்ணி?"

"ஜோரா இருக்கு. நீ கிளம்பு."

செருப்பை மாட்டினாள். கதவைத் திறந்தபோது வாசலில் பால்காரர் வந்துகொண்டிருந்தார்.