சூரியன் பட்டன்

லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுக்கும் தொழிலில் சோறு தண்ணி இறங்காமல் செய்பவை, திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க கீபோர்டில் சூரியன் படம் போட்ட இரண்டு பட்டன்கள். இதில் மாட்டியவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2008 வாக்கில் டெல்லியில் நான் பட்டது இது.

பட்டை நகர்ந்தது

கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் அருணாசலம் அண்ணாச்சி, எங்கள் திருநெல்வேலிக்காரர், ஒரு அமைச்சகத்தில் அசிஸ்டென்ட். பிரமோஷன் பரீட்சைக்கு எட்டு நாள் இருந்தது. வயசு வரம்பு முட்டிவிட்டதால் அதுதான் கடைசி வாய்ப்பு. குறிப்புகள் எல்லாம் லேப்டாப்பில். அதில் வைரஸ் புகுந்ததும், "லினக்ஸ் போட்டா கண்ணாடி மாதிரி ஓடும்" என்று வாயை விட்டவன் நான்.

ஓடியது. வெளிச்சம்தான் குறையவில்லை. அண்ணாச்சிக்கு ஒற்றைத் தலைவலி. பளீரென்ற திரையைப் பத்து நிமிஷம் பார்த்தால் படுத்துவிடுவார். பட்டனை அமுக்கினால் திரையில் ஒரு பட்டை ஜோராக இறங்கியது, வெளிச்சம் அப்படியே நின்றது. அண்ணாச்சி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"ஃபைலு மேல போகுது, கீழ வருது, காரியம் மட்டும் நடக்கல. இது எங்க ஆபீஸ்ல செஞ்சதா வே?"

ஒரு நாள் சந்தோஷம்

இருப்புக்கொள்ளவில்லை. பஸ்ஸில் போகும்போதுகூட விரல் தானாக அமுக்கியது. மறுநாள் போய், ஆன் ஆகும்போது முதலில் வரும் மெனுவில் ஒரு வரி சேர்த்தேன். பட்டன் கேட்டது! அண்ணாச்சி சம்சாரம், எனக்கு மதினி, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு மிதப்பாக வந்தேன்.

மெனுவில் சேர்க்கும் வரி அந்த ஒரு தடவைக்குத்தான், மெஷினை அணைத்தால் போய்விடும். நிலைத்திருக்க செட்டிங் ஃபைலிலும் எழுதி வைக்கவேண்டும். சவம், அதை மறந்துவிட்டேன். காலையில் அண்ணாச்சி ஆன் பண்ணியிருக்கிறார், பழையபடி பளீர். அன்றைக்கு முழுக்க ஈரத் துண்டும் கட்டிலும்தான். சாயங்காலம் போனில் அவர் கத்தவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஒரு நாள் போச்சு வே. எனக்கு இருக்கதே ஆறு."

ஆறு நாள்

ஓடினேன். வரியை ஃபைலில் எழுதினேன். போதாதென்று, ஆன் ஆகும்போதே வெளிச்சம் குறைவாக இருக்கட்டும் என்று அளவைப் பூஜ்யம் என்றும் எழுதினேன். பட்டனைத் தொடவே வேண்டாம் என்று அண்ணாச்சியிடம் கறாராகச் சொல்லிவிட்டு, முனிர்காவில் என் ரூமுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ரீஸ்டார்ட் பண்ணிப் பார்க்காமலே கிளம்பினேன்.

ஆறு நாளும் போன் வரவில்லை. நானாகக் கேட்கவும் தைரியமில்லை. ஜனக்புரியில் ஒரு வீட்டு வேலையைப் பாதியில் விட்டு எழுந்துகூட நடந்தேன்.

பரீட்சை முடிந்த மறுநாள் போனேன். லேப்டாப்பை ஆன் பண்ணினால் திரை கும்மிருட்டு. அந்த மாடலில் பூஜ்யம் என்றால் விளக்கே அணைந்துவிடுமாம். அண்ணாச்சியோ, பரீட்சையை நன்றாக எழுதிவிட்டதாகச் சொன்னார். டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடித்தால் எழுத்து மங்கலாகத் தெரிகிறது, கண்ணும் கூசவில்லை, இதுதான் நான் செய்த ரிப்பேர் என்று நினைத்தாராம். நான் பட்டனை ஒரு தடவை அமுக்கினேன். திரை இதமாக வெளுத்தது. டார்ச்சோடு நின்ற மதினி அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கிட்ட கொண்டா, தள்ளிப் பிடின்னு ஆறு நாளா என் கைதான் உங்க பட்டன்."

அண்ணாச்சி பாஸாகிவிட்டார், நான் மட்டும் அன்றிலிருந்து, எத்தனை பஸ் போனாலும், ரீஸ்டார்ட் பண்ணிப் பார்க்காமல் யார் வீட்டுப் படியும் இறங்கியதில்லை.